பேமென்ட் சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நிரல்தொகுப்பைப் படியுங்கள்: புதிய நிரலாளர்களுக்கான வழிகாட்டி

பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன நிரலாளரிடம், "நமக்கு எந்தப் பேமென்ட் சேவை சரிப்படும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வேலை வந்து சேர்வது அரிதான செய்தியல்ல. அவர் பெரும்பாலும் நான்கைந்து சேவைகளின் விலைப்பட்டியலைத் திறந்து, சதவீதங்களை ஒரு விரிதாளில் அடுக்கத் தொடங்குவார். அந்த விரிதாள் பிறகு தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான சேவையைச் சரியான கணக்கோடு தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஒரு சேவைக்கு நிறுவனம் கொடுக்கப்போகும் உண்மையான விலை, அந்தச் சேவை நிரல்தொகுப்பில் எத்தனை இடங்களில் வேர்விடப்போகிறது என்பதையும், ஒரு பரிவர்த்தனை பாதி வழியில் நின்றுபோனால் அதை மீட்டெடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இவை எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. எனவே பெரிய நிரல்தொகுப்பை மதிப்பிடுவதையும் பேமென்ட் சேவையை மதிப்பிடுவதையும் இங்கே ஒரே வேலையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பணம் போகும் வழியை வரைந்துகொள்ளுதல்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஒரே ஒரு கார்டு பரிவர்த்தனை கடந்து செல்லும் கைகளை எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர், அவருக்குக் கார்டு வழங்கிய வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பு, வணிகரின் சார்பில் பணத்தைப் பெறும் வங்கி, இவர்கள் அனைவரோடும் உங்கள் மென்பொருளை இணைக்கும் கேட்வே என்று குறைந்தது ஐந்து தரப்புகள் வரும். ஸ்ட்ரைப், அடியென், பேபால் போன்ற நிறுவனங்கள் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைத் தாமே செய்வதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பெட்டியாகத் தெரியும். உள்ளே கட்டணம் மூன்றாகப் பிரிகிறது. கார்டு வழங்கிய வங்கிக்குச் செல்லும் இன்டர்சேஞ்ச் ஒரு பங்கு, வலையமைப்புக்குச் செல்வது ஒரு பங்கு, சேவை நிறுவனத்தின் லாபம் ஒரு பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனிநபர் டெபிட் கார்டுகளுக்கு இன்டர்சேஞ்சை 0.2 சதவீதமாகவும் கிரெடிட் கார்டுகளுக்கு 0.3 சதவீதமாகவும் வரம்பிட்டது. இப்படிப்பட்ட வரம்புள்ள இடத்தில் மூன்று பங்குகளையும் சேர்த்து ஒரே சதவீதமாக விலை சொல்லும் சேவைக்கும், பங்குகளைத் தனித்தனியாகக் காட்டும் சேவைக்கும் இடையிலான வேறுபாடு கவனிக்கத்தக்க தொகையாக வளரும்.

அடுத்து, அந்தப் பரிவர்த்தனை அடையக்கூடிய நிலைகளை எழுதுங்கள்: உருவாக்கப்பட்டது, வங்கி அனுமதித்தது, தொகை பிடிக்கப்பட்டது (அனுமதித்த தொகை உண்மையில் எடுக்கப்பட்டது), வணிகரின் கணக்கில் சேர்ந்தது, திரும்ப அளிக்கப்பட்டது, வாடிக்கையாளரால் மறுக்கப்பட்டது. அனுமதிப்பதும் பிடிப்பதும் தனித்தனிச் செயல்கள் என்பதும், பிடிக்காமல் விட்ட அனுமதி சில நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதும் புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. இவற்றோடு பெரும்பாலான வரைபடங்களில் விடுபட்டுப்போகும் இன்னொரு நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "தெரியாது". கோரிக்கை போனது, பதில் வரவில்லை, பணம் எடுக்கப்பட்டதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. இந்த நிலைக்கு இடம் கொடுக்காத நிரல்தொகுப்பும் சரி, இதைத் தீர்த்துக்கொள்ள வழி தராத சேவையும் சரி, இரண்டுமே உங்களுக்குச் செலவு வைக்கும்.

இரண்டாம் படி: நிரல்தொகுப்பை எடைபோடுதல்

பெரிய நிரல்தொகுப்பைக் கண்டதும் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பார்க்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். எண்ணிப் பாருங்கள், ஆனால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 1991இல் லினக்ஸ் கெர்னல் சுமார் 10,000 வரிகளோடு தொடங்கி இன்று சுமார் 4 கோடி வரிகளைத் தொட்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி வன்பொருள் டிரைவர்கள் என்பதால், ஒருவர் தமக்குத் தேவையான மூலையை மட்டும் புரிந்துகொண்டு வேலை செய்ய முடிகிறது. மறுபுறம், 20,000 வரிகளே கொண்ட தொகுப்பில் எந்த வரியைத் தொட்டாலும் வேறெங்கோ உடைவதும் உண்டு. அளவைவிட, ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதே உங்களுக்குத் தேவையான தகவல்.

தொடக்கமாக, தொகுப்பைச் சுத்தமான ஒரு கணினியில் இறக்கி, அதோடு வரும் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இயக்கிப் பாருங்கள். யாரிடமும் கேட்காமல் ஓடினால் நல்லது. கேட்க வேண்டி வந்தால், கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கிடைத்த விடையையும் குறித்து வையுங்கள். ஆவணத்தில் இல்லாமல் மனிதர்களின் நினைவில் மட்டும் தங்கியிருக்கும் அறிவு எவ்வளவு என்பதை அந்தக் குறிப்பு காட்டிவிடும். வாய்ப்பிருந்தால், அந்தக் குறிப்பையே ஆவணத்தில் சேர்த்து உங்கள் முதல் கமிட்டாக அனுப்புங்கள். புதியவரிடமிருந்து வரும் இத்தகைய திருத்தத்துக்கு எந்தக் குழுவும் நன்றி சொல்லும்.

அடுத்ததாகக் கிட் வரலாற்றைக் கேளுங்கள். கடந்த ஓராண்டில் அதிகம் மாற்றப்பட்ட கோப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தொகுப்பின் வலி எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் முதல் பத்துப் பெயர்களிலேயே தெரிந்துவிடும். அவற்றில் பேமென்ட் தொடர்பான கோப்பு இருந்தால், அதன் கமிட் செய்திகளை மட்டும் தனியாகப் படியுங்கள். "திருத்தம்", "மீண்டும் திருத்தம்", "முந்தைய திருத்தத்தை நீக்கியது" என்று செய்திகள் நீண்டு போனால், அங்கே யாருக்கும் முழுதாகப் புரியாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு விசித்திரமான நிபந்தனையைக் கண்டால் அதை எழுதியவரைக் குறை சொல்வதற்கு முன், அந்த வரி எந்தக் கமிட்டில், எந்தக் காரணத்துக்காக நுழைந்தது என்று தேடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட நிரலில் அசிங்கமாகத் தெரியும் வரிகளில் பல, ஒருநாள் இரவில் நேர்ந்த உண்மையான இழப்புக்குப் பிறகு எழுதப்பட்டவை. அவற்றைத் துடைத்து அழகாக்குபவர் அந்த இழப்பை மீண்டும் அழைத்து வருகிறார்.

இப்போது நீங்கள் வரைந்த தாளை எடுத்து, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் இடத்திலிருந்து கணக்கில் பணம் சேரும் இடம்வரை நிரலில் ஒரே ஒரு பரிவர்த்தனையைப் பின்தொடருங்கள். டீபக்கரை வைத்து வரிவரியாக நடந்து போவது சலிப்பூட்டும் என்றாலும், முழுத் தொகுப்பையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட இது பல மடங்கு பயன் தரும். போகும் வழியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

தொகை எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பது ஒன்று. மிதவைப் புள்ளி எண்ணாக இருந்தால் அங்கேயே நின்று சிவப்பு மையால் குறியுங்கள். பெரும்பாலான மொழிகளில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்றே விடை வரும். மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமிப்பதே வழக்கம். அதிலும் எல்லா நாணயங்களுக்கும் நூறால் பெருக்கும் வரி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய யென்னுக்கும் கொரிய வொன்னுக்கும் தசம இடமே கிடையாது; குவைத் தினாருக்கு மூன்று தசம இடங்கள். நூறால் பெருக்கும் அந்த வரி, யென்னில் பொருள் வாங்கிய வாடிக்கையாளரிடம் நூறு மடங்கு பணத்தைக் கேட்கும்.

இரண்டாவது, பிழை எங்கே விழுங்கப்படுகிறது என்பது. பிழையைப் பிடித்து, லாக்கில் ஒரு வரி எழுதி, எதுவும் நடக்காததுபோல் மேலே போகும் இடங்கள் பேமென்ட் பாதையில் ஒன்றிரண்டாவது கிடைக்கும். லாக்கில் எழுதும் அந்த வரியையும் படித்துப் பாருங்கள். சேவைக்கு அனுப்பிய கோரிக்கை முழுவதையும் அப்படியே பதியும் லாக், கார்டு எண்ணையும் சேர்த்துப் பதிந்துகொண்டிருக்கலாம்.

மூன்றாவது, இனி ஓடாது என்று நம்பப்படும் பழைய நிரலும், நிரலின் ஒரு பகுதியை இயக்கவோ நிறுத்தவோ வைத்த பழைய கொடிகளும் (ஃபிளாக்). 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. 2003க்குப் பிறகு பயன்படுத்தப்படாத ஒரு செயற்கூறு நீக்கப்படாமலே கிடந்தது. அதை முன்பு இயக்கிவந்த கொடியைப் புதிய வசதிக்கு மறுபயன்பாடு செய்தார்கள். எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அந்த ஒரு சர்வரில் பழைய செயற்கூறு விழித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. இறந்த நிரல் இடத்தை அடைத்துக்கொள்வதோடு நின்றுவிடும் என்று எண்ணுபவர்கள் இந்தச் சம்பவத்தைப் பற்றிய அரசு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவைத் தேடிப் படிப்பது நல்லது.

டெஸ்ட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எத்தனை சதவீத வரிகளை டெஸ்ட் தொடுகிறது என்ற எண் அதிகம் உதவாது. உங்கள் கணினியில், தொகையைக் கணக்கிடும் வரியில் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிவிட்டு டெஸ்ட்களை ஓட்டுங்கள். எல்லாம் பச்சையாகவே இருந்தால், அந்த டெஸ்ட்கள் அலங்காரம்.

சார்பு நூலகங்களையும் பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நூலகம் நீக்கப்பட்டதால் உலகெங்கும் பில்டுகள் நின்றன. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, தங்கள் தொகுப்பில் அது இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லவே பல குழுக்களுக்கு நாட்கள் பிடித்தன. பதிப்பு எண்களைப் பூட்டிவைக்கும் லாக்ஃபைல் இருக்கிறதா, அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகள் இந்தக் கட்டத்துக்குப் போதும்.

இந்தப் படியின் முடிவில் ஒரே ஒரு தேடலைச் செய்யுங்கள். இப்போது பயன்பாட்டில் இருக்கும் பேமென்ட் சேவையின் பெயர், அதன் நூலக வகைகள், அதன் பிழைக் குறியீடுகள் ஆகியவை எத்தனை கோப்புகளில் தென்படுகின்றன என்று எண்ணுங்கள். ஐந்தாறு கோப்புகளுக்குள் அடங்கினால், சேவையை மாற்றுவது சில வாரங்களில் முடியக்கூடிய வேலை. விலைப்பட்டியல் பக்கம், மின்னஞ்சல் வார்ப்புரு, அறிக்கை, தரவுத்தளப் பத்தியின் பெயர் என்று நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடந்தால், புதிய சேவையின் கட்டணம் அரை சதவீதம் குறைவு என்பது கிட்டத்தட்டப் பொருளற்ற தகவல். இந்த எண்ணை உங்கள் விரிதாளின் முதல் வரியில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகைச் சேவை வேண்டும்?

பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் வகையை முடிவு செய்தாக வேண்டும். வழக்கமான பேமென்ட் சேவையில் நீங்கள்தான் விற்பனையாளர். பணத்தை வாங்கித் தருவது மட்டுமே சேவையின் வேலை. பேடில் போன்ற மற்றொரு வகையில், சட்டத்தின் கண்ணில் சேவை நிறுவனமே விற்பனையாளராக நிற்கிறது. வாடிக்கையாளரின் பில்லில் அதன் பெயர் வரும். பல நாடுகளின் விற்பனை வரியை வசூலித்துச் செலுத்தும் பொறுப்பும் அதனுடையது. இந்த வகையின் கட்டணம் அதிகம். ஆனால் பல நாடுகளுக்கு மென்பொருள் சந்தா விற்கும் சிறிய குழு, வரிப் பதிவுகளைத் தானே செய்யப் புகுந்தால் ஆகும் செலவு அதைத் தாண்டிவிடும் என்பது என் கணிப்பு. ஒரே நாட்டில் மட்டும் விற்பவர்களுக்கு இந்த வகை பெரும்பாலும் தேவைப்படாது.

கார்டு விவரங்கள் யாருடைய சர்வரைத் தொடும் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். பிசிஐ டிஎஸ்எஸ் எனப்படும் கார்டு பாதுகாப்புத் தரநிலை, கார்டு எண்ணைத் தொடும் எவரையும் கட்டுப்படுத்துகிறது. கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணை, வங்கி அனுமதித்த பிறகு சேமித்துவைக்க எந்தச் சூழ்நிலையிலும் அது வணிகரை அனுமதிப்பதில்லை. சேவை நிறுவனத்தின் பக்கத்துக்கே வாடிக்கையாளரை அனுப்பினாலோ, அதன் படிவத்தை உங்கள் பக்கத்துக்குள் ஐஃப்ரேம் என்ற தனிச் சட்டகமாகப் பதித்தாலோ, நீங்கள் நிரப்ப வேண்டிய தன்மதிப்பீட்டுப் படிவம் மிகச் சிறியதாக இருக்கும். கார்டு எண் உங்கள் சர்வர் வழியாகப் போனால் அது நூற்றுக்கணக்கான கேள்விகளாக விரியும். புதிய குழு ஒன்று அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் எதையும் நான் கண்டதில்லை.

ஐஃப்ரேம் இருந்தாலும் சுற்றியுள்ள பக்கம் உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்று நுழைக்கப்பட்டு, வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்த கார்டு விவரங்கள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. பேமென்ட் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்களைப் பட்டியலிட்டுக் கண்காணிப்பது பற்றிய விதிகள் அந்தத் தரநிலையில் சேர்க்கப்பட்டு, 2025 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. விளம்பரம், அரட்டைப் பெட்டி, பார்வையாளர் கணக்கீடு ஆகியவற்றுக்கான ஸ்கிரிப்ட்கள் பேமென்ட் பக்கத்தில் ஏறியிருந்தால், சேவையைத் தேர்ந்தெடுக்கும்வரை காத்திராமல் இன்றைக்கே இறக்கிவிடலாம்.

நான்காம் படி: விலையைக் கணக்கிடுதல்

இப்போது விரிதாளுக்கு வரலாம். சதவீதத்தை மட்டும் ஒப்பிடாமல், உங்கள் சராசரி விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு சேவை 3 சதவீதமும் அதோடு 30 சென்ட் நிலைக் கட்டணமும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் விற்பனையில் அது 3.30 டாலர். 5 டாலர் விற்பனையிலோ 45 சென்ட், அதாவது 9 சதவீதம். சிறு தொகைகளை விற்பவருக்குச் சதவீதத்தைவிட நிலைக் கட்டணமே முக்கியம்.

வெளிநாட்டுக் கார்டுக்கான கூடுதல் கட்டணம், நாணய மாற்றுக் கட்டணம், வாடிக்கையாளர் தன் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரும் சார்ஜ்பேக் ஒவ்வொன்றுக்குமான கட்டணம் ஆகியவை பெரும்பாலும் விலைப்பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். பணத்தைத் திரும்ப அளிக்கும்போது முதலில் எடுத்த கட்டணத்தைச் சேவை திருப்பித் தருமா என்றும் பாருங்கள். பல சேவைகள் தருவதில்லை. பணம் எத்தனை நாட்களில் உங்கள் கணக்குக்கு வரும், அதில் ஒரு பகுதியைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்திலேயே தேடுங்கள், விற்பனைப் பிரதிநிதியின் வாய்மொழியில் தேடாதீர்கள்.

ஐந்தாம் படி: சோதனைச் சூழலில் உடைத்துப் பார்த்தல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். இரண்டு அல்லது மூன்று சேவைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் சோதனைச் சூழலிலும் ஒரு சிறிய நிரலை எழுதுங்கள். 4242 என்ற இலக்கங்களே திரும்பத் திரும்ப வரும் ஸ்ட்ரைப்பின் சோதனைக் கார்டு எண்ணை அறியாத நிரலாளர் குறைவு. அதைப் போட்டு வெற்றிச் செய்தியைப் பார்த்ததும் சோதனை முடிந்ததாக எண்ணிக்கொள்வதும் அதே அளவு பரவலான பழக்கம். வெற்றி எல்லாச் சேவைகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தோல்வியில்தான் அவை வேறுபடுகின்றன.

முதலில் சோதிக்க வேண்டியது டைம்அவுட். நடப்பதை மெதுவாகப் பார்ப்போம். வாடிக்கையாளர் பொத்தானை அழுத்துகிறார். உங்கள் சர்வர் ஆர்டரைத் தரவுத்தளத்தில் பதிந்துவிட்டு, பேமென்ட் சேவைக்குக் கோரிக்கை அனுப்புகிறது. சேவை வங்கியிடம் கேட்கிறது, வங்கி சம்மதிக்கிறது, தொகை பிடிக்கப்படுகிறது. "வெற்றி" என்ற பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. 30 நொடிகள் காத்திருந்த உங்கள் நிரலுக்குக் கிடைப்பது டைம்அவுட் பிழை மட்டுமே. அது அந்த ஆர்டரைத் "தோல்வி" என்று பதிந்து, "மீண்டும் முயலவும்" என்று திரையில் காட்டுகிறது. வாடிக்கையாளர் மீண்டும் முயல்கிறார், இரண்டாம் முறையும் பணம் போகிறது. எந்த நிரல்வரியிலும் பிழை இல்லை, எந்தச் சர்வரும் விழவில்லை, ஆனால் ஒரு பொருளுக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டிருக்கிறது.

இதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு ஐடம்பொடென்சி கீ என்று பெயர். கோரிக்கையோடு ஒரு தனித்த குறியீட்டை அனுப்பினால், அதே குறியீட்டோடு மறுபடி வரும் கோரிக்கையைச் சேவை புதிதாகச் செயல்படுத்தாமல், முதல் முறை கிடைத்த விடையையே திருப்பித் தரும். அந்தக் குறியீட்டை முதல் முயற்சிக்கு முன்பே உருவாக்கி, ஆர்டரோடு தரவுத்தளத்தில் சேமித்துவிட வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்கும் நிரல் எதையும் தடுக்காது. சேவை அந்தக் குறியீட்டை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதையும் ஆவணத்தில் பாருங்கள். ஸ்ட்ரைப்பின் ஆவணம், குறைந்தது 24 மணி நேரம் கழிந்த குறியீடுகள் நீக்கப்படலாம் என்கிறது. அப்படியானால் இரண்டு நாள் கழித்து அதே குறியீட்டோடு செய்யும் மறுமுயற்சி புதிய பரிவர்த்தனையாகவே கணக்காகும். ஆகவே பழைய "தெரியாது" நிலைகளை மறுமுயற்சியால் தீர்க்காமல், "இந்த ஆர்டரின் நிலை என்ன?" என்று சேவையிடம் கேட்டுத் தீர்க்க வேண்டும். உங்கள் ஆர்டர் எண்ணைக் கொண்டு அப்படிக் கேட்க வழி தராத சேவையை, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன்.

அடுத்து வெப்ஹூக். பணம் வந்துவிட்டதா என்பதை, வாடிக்கையாளரின் உலாவி உங்கள் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பி வருவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவர் நடுவில் சாளரத்தை மூடிவிடலாம். அல்லது பணம் கட்டாமலே அந்தப் பக்கத்தின் முகவரியைத் தட்டச்சு செய்து வரலாம். சேவையின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக்கும், நீங்கள் திரும்பக் கேட்டு உறுதிசெய்வதுமே நம்பத்தக்கவை. ஆனால் வெப்ஹூக் ஒரே நிகழ்வுக்கு இரண்டு முறை வரலாம், வரிசை மாறி வரலாம், தாமதமாகவும் வரலாம். உங்கள் சர்வர் விழுந்து கிடந்தால் ஸ்ட்ரைப் மூன்று நாட்கள்வரை மீண்டும் மீண்டும் அனுப்பும். வேறு சில சேவைகள் அதைவிட விரைவில் கைவிட்டுவிடும். எனவே ஒரே நிகழ்வு எண் இரண்டு முறை பதியாதபடி, அதன் மீது தரவுத்தளத்திலேயே தனித்தன்மைக் கட்டுப்பாடு வையுங்கள். வெப்ஹூக் கிடைத்ததும் உடனே பதில் சொல்லிவிட்டு, மீதி வேலையை வரிசையில் போட்டுச் செய்யுங்கள்.

வெப்ஹூக் உண்மையில் சேவையிடமிருந்துதான் வந்தது என்பதைக் காட்டும் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. கையொப்பம், சேவை அனுப்பிய பைட்டுகளின் மீது கணக்கிடப்பட்டது. உங்கள் ஃபிரேம்வொர்க் அதை ஜேசானாகப் பிரித்து, நீங்கள் மறுபடி எழுத்தாக மாற்றினால் ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் கையொப்பம் பொருந்தாது. அரைநாள் போராடிவிட்டு, "இப்போதைக்கு" என்ற குறிப்போடு சரிபார்ப்பை நிறுத்தி வைக்கும் கமிட்டுகள் நிஜத் தொகுப்புகளில் கிடைக்கும். இரண்டாம் படியில் உங்கள் தொகுப்பைப் படித்தபோது அப்படி ஒன்றைக் கண்டிருந்தால், அது புதிய சேவைக்காகக் காத்திருக்க வேண்டிய வேலையல்ல.

இவை முடிந்த பிறகு, பகுதித் தொகையைத் திரும்ப அளித்தல், கார்டு நிராகரிப்பு, வங்கி கூடுதல் சரிபார்ப்புக் கேட்டல் ஆகியவற்றையும் சோதனைச் சூழலில் ஓட்டிப் பாருங்கள். ஐரோப்பாவில் 2019 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளால், வாடிக்கையாளரை நடுவில் வங்கியின் சரிபார்ப்புக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது அங்கே வழக்கமான பாதையாகிவிட்டது. எல்லாம் ஒரே கோரிக்கையில் முடியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட பழைய நிரல், இந்த இடத்தில் தாங்காது.

ஆறாம் படி: சேவை காணாமல் போனால்?

2020 ஜூனில் வயர்கார்டு என்ற ஜெர்மன் பேமென்ட் நிறுவனம், கணக்கில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ இல்லை என்று தெரியவந்ததும் திவாலானது. அதன் பிரிட்டிஷ் கிளையைச் சார்ந்திருந்த சில செயலிகளின் வாடிக்கையாளர்கள், சில நாட்கள் தங்கள் சொந்தப் பணத்தையே தொட முடியாமல் தவித்தார்கள். இவ்வளவு பெரிய வீழ்ச்சி அரிது. ஆனால் சேவைகள் கைமாறுவதும், விலையை மாற்றுவதும், ஒரு வகை வணிகத்தை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்வதும் சாதாரணமாக நடப்பவை. பிரெய்ன்ட்ரீயை 2013இல் பேபால் வாங்கியது, லெமன் ஸ்குவீசியை 2024இல் ஸ்ட்ரைப் வாங்கியது.

ஆகவே சேமிக்கப்பட்ட கார்டுகளின் டோக்கன்களை, அதாவது கார்டு எண்ணுக்குப் பதிலாகச் சேவை உங்களுக்குத் தரும் குறியீடுகளை, பாதுகாப்புத் தரநிலை பெற்ற வேறொரு சேவைக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதச் சந்தா விற்பவர்களுக்கு இந்த ஒரு விடை, விலைப்பட்டியலின் எல்லா வரிகளையும்விடக் கனமானது. டோக்கன்கள் வராவிட்டால் ஒவ்வொரு சந்தாதாரரிடமும் கார்டு எண்ணை மறுபடி கேட்க வேண்டிவரும், கேட்ட எல்லோரும் தருவதில்லை.

நிரலின் பக்கத்தில், சேவையின் பெயரும் வகைகளும் ஒரு மெல்லிய அடுக்கைத் தாண்டி உள்ளே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னதும் சிலர் எதிர்காலத்தில் வரக்கூடிய பத்துச் சேவைகளையும் தாங்கும் பிரம்மாண்டமான அடுக்கு ஒன்றைக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. பணம் எடு, திரும்ப அளி, நிலையைக் கேள், வெப்ஹூக்கைப் படி என்ற நான்கு செயற்கூறுகளும், உங்கள் சொந்தச் சொற்களில் எழுதப்பட்ட நிலைப்பெயர்களும் போதும்.

ஏழாம் படி: பரிந்துரை, பிறகு மாற்றம்

பரிந்துரையை இரண்டு பக்கங்களுக்குள் எழுதுங்கள். எந்தச் சேவை, அதற்கான காரணம், நிரல்தொகுப்பில் மாற வேண்டிய கோப்புகளின் பட்டியல், சேவையை மாற்றுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டிய பழைய குறைகள் ஆகியவை அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன பகுதியைப் புதியவர்கள் தயக்கத்தால் விட்டுவிடுவதுண்டு, மூத்தவர்கள் எழுதியதைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று. கோப்பின் பெயர், வரி எண், அதனால் நேரக்கூடிய விளைவு என்று மூன்றை மட்டும் எழுதினால் அதில் யாரும் புண்பட எதுவும் இல்லை.

மாற்றத்தை ஒரே நாளில் செய்ய வேண்டாம். புதிய ஆர்டர்களில் நூற்றில் ஒன்றைப் புதிய சேவைக்கு அனுப்பித் தொடங்குங்கள். உங்கள் கணக்கில் சேர்த்த பணத்துக்குச் சேவை தரும் முதல் செட்டில்மென்ட் அறிக்கை வந்ததும், அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் உங்கள் தரவுத்தளத்தின் வரிகளோடு ஒத்துப்பாருங்கள். கட்டணம் கழிக்கப்பட்ட தொகை, திரும்ப அளித்த தொகை, நாணய மாற்று எல்லாம் சென்ட் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாத வரிக்குக் காரணம் கண்டுபிடித்த பிறகே அளவைக் கூட்டுங்கள். இந்த ஒப்பீட்டைத் தினமும் தானாக ஓடும் வேலையாக எழுதிவிட்டால், அதன்பின் வரும் பெரும்பாலான பிழைகளை வாடிக்கையாளருக்கு முன்பே நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.

எல்லா ஆர்டர்களும் புதிய சேவைக்கு மாறிய மறுநாளே பழைய சேவையின் நிரலை நீக்கிவிடாதீர்கள். பழைய சேவை வழியாக வந்த பணத்தை அதன் வழியாகவே திரும்ப அளிக்க வேண்டும். கார்டு வலையமைப்புகள் பெரும்பாலான காரணங்களுக்குச் சார்ஜ்பேக் கோரச் சுமார் 120 நாட்கள் அவகாசம் தருகின்றன. பொருள் வந்து சேரவில்லை என்பன போன்ற காரணங்களில் அது வாங்கிய நாளிலிருந்து இன்னும் நீளக்கூடும். அதுவரை பழைய கணக்கு திறந்திருக்க வேண்டும், அதில் கொஞ்சம் பணம் இருக்க வேண்டும், அதன் வெப்ஹூக்கைக் கேட்கும் முகவரி உயிரோடு இருக்க வேண்டும். நீக்குவதற்கான தேதியைக் குழுவின் பணிப்பட்டியலில் இப்போதே பதிந்து, பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அந்தத் தேதி வந்ததும் பழைய சேவையின் நிரலையும், அதை இயக்கிய கொடியையும், அதன் ரகசியச் சாவிகளையும் ஒரே கமிட்டில் நீக்கி, சாவிகளைச் சேவையின் பக்கத்திலும் செல்லாததாக்கிய பிறகே கணக்கை மூடச் சொல்லி எழுதுங்கள்.